டாலி சக்கரம் காலில் ஏறினால் ஸ்டீல் டோ தாங்குமா?

வெரூலம்வாசி | 3 ஜூன், இரவு 8.15
தம்பி மகன் டர்பன் கிங் ஷாகா விமான நிலையத்தில் ராம்ப் வேலைக்கு, அதாவது விமானம் நிற்கும் தளத்தில் சாமான் ஏற்றி இறக்கும் வேலைக்குச் சேரப் போகிறான். பூட்ஸ் கடையில் சொன்னார்களாம்: "முனையில் இரும்புத் தகடு வைத்த ஸ்டீல் டோ போட்டால், சாமான் பெட்டி சுமக்கும் டாலி வண்டி ஏறி இறங்கினாலும் விரலுக்கு ஒன்றும் ஆகாது." டொங்காட்டில் ஒரு பெரியவர் நேர்மாறாகச் சொல்கிறார்: தகடு மடங்கி விரலை நறுக்கிவிடும், சாதா பூட்ஸே தேவலை என்று. எது உண்மை?

மஞ்சள்கோட்டு | 3 ஜூன், இரவு 9.02
இரண்டுமே அரைகுறை.

ஐ.எஸ்.ஓ. 20345 முத்திரை உள்ள பூட்ஸின் முனைத்தகடு இரண்டு சோதனைகளில் தேறியிருக்க வேண்டும். 200 ஜூல் அடி ஒன்று, அதாவது இருபது கிலோ அரிசி மூட்டை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடி. 15 கிலோநியூட்டன் நசுக்கு இன்னொன்று, ஏறக்குறைய ஒன்றரை டன் பாரம்.

இனி வண்டிக் கணக்கு. ஏ.கே.ஈ. என்ற விமானச் சாமான் பெட்டி நிறைந்தால் அதிகபட்சம் 1,588 கிலோ. டாலியின் எடையையும் சேர்த்தால் இரண்டு டன்னைத் தாண்டும். நாலு சக்கரத்துக்குப் பங்கு போட்டால் சக்கரத்துக்கு அரை டன்னும் கொஞ்சமும். தகடு தாங்கும். பாகேஜ் டிராக்டர் மூணு, நாலு டன் என்றால் சக்கரத்துக்கு ஒரு டன் வரை வரும். அதையும் தாங்கும். விமானத்தைப் பின்னால் தள்ளும் புஷ்பேக் டக் வேறு ஜாதி. பெரிய விமானத்துக்கானது நாற்பது டன்னுக்கு மேல் கனக்கும், சக்கரத்துக்குப் பத்து டன். அங்கே தகட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

விரலை நறுக்கும் என்பது வதந்தி. அந்தத் தகட்டையே மடக்கும் பாரம் ஏறினால், தகடு இல்லாத கால் அதற்கு முன்பே கூழாகியிருக்கும்.

மஞ்சள்கோட்டு | 3 ஜூன், இரவு 9.20
ஒன்று விட்டுப் போச்சு. சக்கரம் விரலோடு நிற்பதில்லை, மேலே ஏறும். புறங்காலுக்கும் கணுக்காலுக்கும் தகடு கிடையாது. ராம்ப் கால் காயங்களில் கெட்டதெல்லாம் அங்கேதான். புறங்காலையும் மூடும் மெட்டாடார்சல் காப்பு வைத்த பூட்ஸ் கிடைக்கிறது, கனம் அதிகம். அதைப் போட்டு எட்டு மணி நேரம் குனிந்து நிமிர்வது லேசு இல்லை என்பதால் பலர் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். ஒருமுறை பலமாக அடி வாங்கிய பூட்ஸை மறுபடி போடக்கூடாது. வெளியே தோல் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே தகடு அமுங்கியிருக்கும்.

வெரூலம்வாசி | 4 ஜூன், காலை 6.40
நன்றி அண்ணா. அப்படியானால் பூட்ஸ் இரண்டாம் பட்சம், கால் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி போல.

மஞ்சள்கோட்டு | 4 ஜூன், மதியம் 1.10
அதேதான். ராம்ப் வண்டி என்றதும் எல்லோரும் வேகத்தைப் பேசுகிறார்கள். பயிற்சி வகுப்பிலும் பாதி நேரம் வேகப் பலகைக்கே போகிறது. ஆளை நசுக்கும் வண்டி பெரும்பாலும் நடை வேகத்தில் போகும், அல்லது நின்றுகொண்டிருந்து அசையும். நெருங்கி வரும் இரண்டு பொருளுக்கு நடுவே ஆள் நிற்பதுதான் காரணம். டிராக்டருக்கும் டாலிக்கும் நடுவே, டாலிக்கும் டாலிக்கும் நடுவே, சாமானை மேலே ஏற்றும் பெல்ட் லோடருக்கும் விமான உடலுக்கும் நடுவே.

டாலி மாட்டும் முறையை விரிவாகவே எழுதுகிறேன், பையனுக்குக் காட்டுங்கள்.

டிராக்டரை நேர்கோட்டில் பின்னால் கொண்டுவந்து, டாலியின் இழுகம்பி எட்டும் தூரத்தில் முழுதாக நிறுத்தணும். ஹேண்ட்பிரேக், கியர் நியூட்ரல், பிறகுதான் இறங்கணும். கம்பியை இறக்கி வளையத்தைக் கொக்கிக்குள் விட்டு, பின்னைப் போட்டு, பூட்டு விழுந்ததா என்று கம்பியை மேலே ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்கணும். கை கம்பியின் பக்கவாட்டில் இருக்கணும். வளையத்துக்குள்ளோ பின் ஓட்டைக்கு மேலேயோ விரல் போகவே கூடாது. நுனி விரல் போவது அந்த இடத்தில்தான்.

கம்பி ஒரு சாண் எட்டவில்லை என்று வையுங்கள். விபத்துப் பிறக்கும் இடம் இதுதான். மாட்டுகிறவன் கம்பியைப் பிடித்தபடி "வா வா, இன்னும் கொஞ்சம்" என்பான். ஓட்டுகிறவன் கழுத்தைத் திருப்பிக்கொண்டு கிளட்சையோ பெடலையோ தொடுவான். ஒரு சாணுக்குப் பதில் ஒரு முழம் வரும். நடுவே இருப்பது இடுப்பும் தொடையும். சரியான வழி: கம்பியைக் கீழே விட்டு, ஆள் டிராக்டரின் பக்கவாட்டுக்கு, ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி வெளியே வந்துவிட வேண்டும். வண்டி நகர்ந்து, நின்று, ஹேண்ட்பிரேக் போட்ட பிறகே உள்ளே போகணும். ஒரே ஆள் ஓட்டி, அவரே இறங்கி மாட்டுவது இன்னும் நல்லது. நேரம் போகும்தான். போகட்டும்.

டோபார் | 4 ஜூன், மாலை 5.33
ஜோபர்க்கிலிருந்து (ஜோஹன்னஸ்பர்க்) எழுதுகிறேன். மஞ்சள்கோட்டு சொன்னதற்கு ஒரு திருத்தம். ஒரு ஆளே எல்லாம் செய்வது எப்போதும் பத்திரம் இல்லை. சில டிராக்டர்களில் பின்பக்கம் இன்ச்சிங் பட்டன் வைத்திருக்கிறார்கள். கீழே நின்றபடியே அழுத்தி வண்டியைப் பின்னுக்கு நகர்த்தலாம். அதை ஓரத்தில் நின்று அழுத்தணும். அவசரக்காரன் நடுவில், கொக்கிக்கு நேராக நின்று அழுத்துவான், தன்னைத்தானே டாலியோடு சேர்த்து நசுக்கிக்கொள்வான். மின்சார டிராக்டர் என்றால் எஞ்சின் சத்தமும் இருக்காது.

மஞ்சள்கோட்டு | 4 ஜூன், மாலை 6.05
ஒத்துக்கொள்கிறேன். பட்டன் உள்ள வண்டியில் இரண்டு ஆள்தான் நல்லது.

டோபார் | 4 ஜூன், மாலை 6.21
சத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. காதுக்காப்பு போட்டவனுக்கு ரிவர்ஸ் அலாரம் கேட்காது. பக்கத்தில் விமானத்தின் துணை எஞ்சினான ஏ.பி.யூ. ஓடினால் காப்பு இல்லாவிட்டாலும் கேட்காது. அலாரத்தை நம்பி முதுகைக் காட்டி நிற்கக் கூடாது. வழிகாட்டும் ஆள் கண்ணிலிருந்து மறைந்த அந்த நொடியே ஓட்டுநர் நிறுத்தணும், தேடிக்கொண்டே ஓட்டக்கூடாது. ஏப்ரனில் (விமானம் நிற்கும் தளம்) ரோபோ, அதாவது சிக்னல் விளக்கு கிடையாது, அந்த ஆளின் கைதான் ரோபோ.

வெரூலம்வாசி | 5 ஜூன், காலை 7.02
காலி டாலி ஆபத்தா, நிறைந்த டாலியா? நிறைந்தது என்றுதான் நினைத்தேன். பையன் இன்டக்ஷனில் வேறு மாதிரி சொல்கிறார்களாம்.

மஞ்சள்கோட்டு | 5 ஜூன், இரவு 10.48
நசுக்குவதில் நிறைந்தது மோசம். தானாக ஓடுவதில் காலி மோசம். கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

விமானம் நிற்கும் இடத்தின் சரிவு 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் அனெக்ஸ் 14. இரண்டு டன் டாலிக்கு அந்தச் சரிவு கொடுக்கும் தள்ளு இருபது கிலோவுக்குச் சமம். ரப்பர் சக்கரத்தின் உருள்தடை அதே அளவோ கூடவோ இருக்கும். அதனால் சரிவு மட்டும் என்றால் பெரும்பாலும் நகராது.

காற்றைச் சேருங்கள். ஏ.கே.ஈ. பெட்டியின் ஒரு பக்கம் சுமார் இரண்டரை சதுர மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று நேராக அடித்தால் ஐம்பது கிலோ அளவுக்குத் தள்ளும். காலிப் பெட்டியும் டாலியுமாக அரை டன்னுக்குச் சற்று மேல் என்றால் உருள்தடை பத்து கிலோவைச் சுற்றித்தான். ஐம்பது தள்ளுகிறது, பத்து பிடிக்கிறது. கிளம்பிவிடும். டர்பனில் தென்மேற்குக் காற்று திடீரென்று திரும்பும் நாளில் வரிசையாக நிற்கும் காலி டாலிகளைக் கவனியுங்கள். நம் ஓடுதளத்தை 06/24 என்று வடகிழக்கு தென்மேற்காகப் போட்டிருப்பதே இந்தக் காற்றுகளுக்காகத்தான்.

பல டாலிகளில் இழுகம்பியை நிமிர்த்தி வைத்தால் பிரேக் பிடிக்கும், இறக்கினால் விடும். நிமிர்த்திய கம்பியைப் பிடிக்கும் கொக்கி தேய்ந்திருந்தால் அதிர்விலேயே கம்பி சாயும், பிரேக் விடும், யாரும் தொடாமலேயே டாலி நடக்கத் தொடங்கும். ஷிப்ட் தொடக்கத்தில் கம்பியை நிமிர்த்திவிட்டு டாலியைத் தோளால் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். அசைந்தால் சிவப்புச் சீட்டு, ஒதுக்கம். பெட்டியைப் பிடிக்கும் நாலு பக்க ஸ்டாப்பர்களும் எழுந்து நிற்கின்றனவா என்று அதே நடையில் பார்க்கலாம். ஒரு ஸ்டாப்பர் படுத்திருந்தால் திருப்பத்தில் பெட்டி உருளையில் வழுக்கி வெளியே வரும்.

டோபார் | 5 ஜூன், இரவு 11.15
டொங்காட்டில் பிரேக் வில்லேஜ் என்று ஒரு ஊரே இருக்கிறது. நம் டாலிகளை ஒருமுறை அங்கே கூட்டிக்கொண்டு போய் வந்தால் புத்தி வருமோ என்னவோ.

மஞ்சள்கோட்டு | 5 ஜூன், இரவு 11.19
கொக்கிக்கு ஸ்பிரிங் வாங்கிப் போட்டாலே வரும்.

காயக்கட்டு | 6 ஜூன், மதியம் 12.30
நான் நர்ஸ், பேச்சு கால் மேலே இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். சக்கரம் ஏறிய காலுக்கு எக்ஸ்ரே எடுத்து "எலும்பு உடையலை, வீட்டுக்குப் போ" என்றால் கதை முடியவில்லை. பாதத்திலும் கெண்டையிலும் தசைகள் இறுக்கமான உறைகளுக்குள் இருக்கின்றன. நசுங்கிய தசை உள்ளே வீங்கும், உறை விரியாது, இரத்த ஓட்டம் நிற்கும். கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்பார்கள். காயத்துக்குப் பொருந்தாத அளவு வலி, மாத்திரைக்கு அடங்காத வலி, விரலை மெதுவாக மேலே வளைத்தால் உயிர் போகும் வலி, மரத்துப்போதல். இவை வந்தால் மணிக்கணக்கு. ஆறு மணி நேரத்துக்குள் உறையைக் கீறி விட வேண்டியிருக்கும். நாடித்துடிப்பு இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது, அது கடைசியில்தான் போகும்.

இறுக்கமான கட்டு போடாதீர்கள். இந்தச் சந்தேகம் இருந்தால் காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைக்கவும் கூடாது, நெஞ்சு மட்டத்தில் போதும். முனைத்தகடு உள்ளே அமுங்கியிருந்தால் பூட்ஸை இழுத்துக் கழற்றாமல், கயிற்றை வெட்டித் தளர்த்திவிட்டு ஆளை அனுப்புங்கள்.

இன்னொன்று, சக்கரம் உருண்டு ஏறும்போது தோலைச் சதையிலிருந்து உரித்துவிடும். மேலே தோல் முழுசாக, கொஞ்சம் சிராய்ப்பாக மட்டும் தெரியும். இரண்டு மூன்று நாளில் உள்ளே நீர் கட்டும், அல்லது தோல் கறுக்கும். அதனால் மறுநாளும் டாக்டரிடம் காட்டணும்.

காயக்கட்டு | 6 ஜூன், மதியம் 12.52
சர்க்கரை பற்றிச் சொல்ல மறந்தேன். நம் ஆட்களிடம் அது அதிகம். பல வருஷச் சர்க்கரையில் பாதம் மரத்திருந்தால் மேலே சொன்ன "வலி அதிகமா" என்ற கேள்வி வேலைக்கு ஆகாது. வலியே தெரியாது. அப்படிப்பட்டவர் "ஒன்றுமில்லை" என்று மறுபடி டிராக்டரில் ஏறினால் சூப்பர்வைசர் நம்பக் கூடாது, பூட்ஸைக் கழற்றிப் பார்க்கச் சொல்லணும்.

டோபார் | 7 ஜூன், காலை 5.50
டாலியை விட்டு என் பக்கம் வருகிறேன். புஷ்பேக்கில் கொல்வது மூக்குச் சக்கரம். ஹெட்செட் போட்டவன் விமானத்தோடு நடப்பான், கண் காக்பிட்டில், வயர் கையில். தடுக்கி விழுந்தால் சக்கரப் பாதையில்தான் விழுவான். நடக்க வேண்டிய இடம் மூக்குச் சக்கரத்திலிருந்து குறைந்தது மூணு மீட்டர் தள்ளி, வண்டி திரும்பும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். டக்கையும் விமானத்தையும் இணைக்கும் டோ பாரைத் தாண்டிக் குதிப்பது அறவே கூடாது. வயர்லெஸ் ஹெட்செட் உள்ள இடத்தில் பாதித் தொல்லை தீர்ந்தது.

கழற்றும் வரிசை: காக்பிட்டிலிருந்து "பார்க்கிங் பிரேக் செட்" வாயால் கேட்கணும், முட்டுக்கட்டை வைப்பது கையேட்டில் இருந்தால் வைக்கணும், பிறகு டக்கை மயிரிழை நகர்த்தி பாரின் இறுக்கத்தை விடுவிக்கணும். இறுக்கம் இருக்கும்போது பின்னைத் தட்டினால் பார் துள்ளும், தாடையோ முழங்காலோ போகும். இழுப்பு அளவுக்கு மீறினால் ஒடிவதற்கென்றே வைத்த ஷியர் பின் திருப்பத்தில் ஒடிந்தால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பதில் கடையில் கிடைத்த போல்ட்டை மாட்டுகிறவனை ராம்புக்குள்ளேயே விடக்கூடாது. அடுத்த முறை ஒடிவது விமானத்தின் கால். மூக்குச் சக்கர ஸ்டீயரிங்கை முடக்கி வைக்கும் பைபாஸ் பின்னை டோ பார் கழன்ற பிறகே எடுத்து, சிவப்பு நாடாவோடு விமானிக்குக் காட்டணும். பார் மாட்டியிருக்கும்போதே அதை உருவிவிட்டால் ஸ்டீயரிங் ஹைட்ராலிக் உயிர் பெற்று பாரை வீசியடிக்கும்.

மஞ்சள்கோட்டு | 7 ஜூன், இரவு 8.44
ஜோபர்க்கில் இன்னொரு ஆபத்து, நீங்களே சொல்வீர்கள் என்று பார்த்தேன். கோடைப் பிற்பகல் மின்னலுக்கு ராம்பை மூடுவார்கள். திறந்ததும் நாலு விமானத்தின் வேலை ஒன்றாக வந்து விழும், தரை ஈரம், எல்லா டிராக்டரும் ஒரே நேரத்தில் கிளம்பும். மின்னல் போன பிறகு வரும் அந்த அரை மணிக்குத்தான் கூடுதல் ஆள் வேணும்.

ஈரம் என்றதால்: விமானத்தை நெருங்குமுன் ஐந்து மீட்டர் தள்ளி முழுதாக நிறுத்துவது வண்டியின் பிரேக்கைச் சோதிக்க. நிறுத்தம் பிடிக்கவில்லை என்றால் மோத இன்னும் ஐந்து மீட்டர் பாக்கி இருக்கிறது. சும்மா வேகத்தைக் குறைத்து உருண்டு போவது சோதனை ஆகாது.

டாலித் தொடரின் வாலையும் மறக்காதீர்கள். திருப்பத்தில் ஒவ்வொரு டாலியும் முன்னதைவிடக் கொஞ்சம் உள்ளே வெட்டும். டிராக்டர் கோனைத் தாண்டிவிட்டது என்று ஓட்டுநர் முன்னால் பார்ப்பார், நாலாவது டாலி கோனையும் பக்கத்தில் நிற்பவனையும் சேர்த்து அணைக்கும். டாலியின் இழுகம்பி மேல் உட்கார்ந்து சவாரி செய்பவன் விழுந்தால், பின்னால் வரும் டாலி அவன் மேல் ஏறும். இதற்கு பூட்ஸ் கடையில் மருந்து கிடையாது.

வெரூலம்வாசி | 8 ஜூன், காலை 9.15
ஒரு சட்டக் கேள்வி. வண்டி மோதினால் ரோட் ஆக்சிடென்ட் ஃபண்டில் (ஆர்.ஏ.எஃப்.) நஷ்டஈடு கேட்கலாம் இல்லையா? வண்டி வண்டிதானே?

படிவம் | 8 ஜூன், மாலை 4.40
அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சட்டப்படி அது சாலையில் ஓட்டுவதற்கென்று வடிவமைத்த மோட்டார் வண்டியாக இருக்கணும். விமானத்துக்கு மின்சாரம் கொடுக்கும் தரை மின்வண்டி ஒன்று இந்த வரையறைக்குள் வராது என்று ப்ளூம்ஃபொன்டெய்ன் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004 இல் தீர்ப்பளித்தது, அதுவும் ஜோபர்க் விமான நிலைய வழக்கில்தான். டாலி, லோடர், புஷ்பேக் டக் வைத்து ஆர்.ஏ.எஃப். போகிறவர் அந்தச் சுவரில் முட்டுவார். ஏர்சைடில், அதாவது பாஸ் உள்ளவர் மட்டும் போகும் உள்பகுதியில், பக்கியோ (பிக்கப்) கோம்பியோ (வேன்) மோதியிருந்தால் கதை வேறு. இடம் எதுவானாலும் வண்டி சாலை வண்டி.

வேலையில் பட்ட காயத்துக்கு முதல் வழி 1993 ஆம் ஆண்டு 130 ஆம் எண் சட்டம், நாம் கொய்டா என்று சொல்வது. காயம்பட்டவர் முடிந்த சீக்கிரம் முதலாளியிடம் சொல்லணும், வாய்மொழி செல்லும் என்றாலும் வாட்சப்பில் எழுதி வைப்பது நல்லது. முதலாளி தெரிந்த ஏழு நாளுக்குள் டபிள்யூ.சி.எல். 2 படிவத்தை அனுப்பணும். டாக்டரின் முதல் அறிக்கை டபிள்யூ.சி.எல். 4, தொடர் அறிக்கையும் கடைசி அறிக்கையும் 5, வேலைக்குத் திரும்பியதற்கு 6. வேலை செய்ய முடியாத காலத்துக்கு சம்பளத்தில் 75 சதவீதம், முதல் மூன்று மாதம் முதலாளியே கொடுத்துவிட்டு கொய்டா ஃபண்டிடம் வாங்கிக்கொள்வார். மூன்று நாளோ குறைவோ என்றால் இது கிடையாது. நிரந்தர ஊனம் 30 சதவீதம் வரை மொத்தத் தொகை, அதற்கு மேல் ஓய்வூதியம்.

படிவம் | 8 ஜூன், மாலை 5.05
மேலே இருப்பதோடு இரண்டு விஷயம். சொந்த முதலாளி மேல் நஷ்டஈட்டு வழக்கு போட முடியாது, பிரிவு 35. அவருடைய கவனக்குறைவு என்றால் பிரிவு 56 வழியாகக் கூடுதல் தொகை கேட்கலாம். ஆனால் ஒரு ஏப்ரனில் எத்தனை கம்பெனி பாருங்கள்: சாமான் ஏற்றுவது ஒருவர், சாப்பாட்டு லாரி ஒருவர், எரிபொருள் ஒருவர். மோதியது வேறு கம்பெனியின் ஓட்டுநர் என்றால் கொய்டாவும் கேட்கலாம், அந்தக் கம்பெனி மேல் வழக்கும் போடலாம், பிரிவு 36. ஃபண்ட் கொடுத்த தொகை கழியும். அதனால் மோதிய வண்டியின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் கம்பெனிப் பெயரையும் அன்றே குறித்து வைக்கணும். மறுநாள் அந்த வண்டி எங்கே இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

டோபார் | 8 ஜூன், இரவு 9.30
யாருக்கும் அடிபடாமல் டாலி தானாக ஓடிப்போனால்? பெரும்பாலும் "ஒன்றும் ஆகலையே" என்று மூடிவிடுகிறார்கள்.

படிவம் | 9 ஜூன், காலை 8.12
1993 ஆம் ஆண்டு 85 ஆம் எண் தொழில்பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 24 ஐ வாசியுங்கள். சாவு, மயக்கம், உறுப்பிழப்பு, பதினாலு நாளோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாத காயம் என்பதோடு நிற்கவில்லை. இயந்திரம் கட்டுப்பாட்டை மீறி ஓடி ஆட்களுக்கு ஆபத்து உண்டாக்கியிருந்தாலும் அதே பிரிவில் வருகிறது. சாவோ உறுப்பிழப்போ நடந்த இடத்தை இன்ஸ்பெக்டர் அனுமதி இல்லாமல் கலைக்கக் கூடாது. ஆளைக் காப்பாற்ற எவ்வளவு நகர்த்தணுமோ அவ்வளவுதான். "விமானம் கிளம்பணும், டாலியைத் தள்ளிப் போடு" என்று மேலிருந்து குரல் வரும். அந்த நேரத்தில் பாதுகாப்புப் பிரதிநிதி யார் என்று தெரிந்திருக்கணும். இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பிரதிநிதி கட்டாயம்.

வெரூலம்வாசி | 9 ஜூன், மாலை 7.20
பையனைச் சேர்ப்பது ஏஜென்சி, வேலை வாங்குவது வேறு கம்பெனி. டபிள்யூ.சி.எல். 2 யார் நிரப்புவது?

படிவம் | 9 ஜூன், இரவு 8.01
ஏஜென்சி. ஆளை அனுப்பிச் சம்பளம் கொடுக்கும் லேபர் புரோக்கரையும் கொய்டா முதலாளி என்றே பார்க்கிறது. ராம்பில் இருக்கும் சூப்பர்வைசர் "எங்கள் ஆள் இல்லை" என்பார், ஏஜென்சி "எங்கள் சைட் இல்லை" என்பார்கள், ஏழு நாள் ஓடிவிடும். இருவருக்கும் அன்றே ஒரே செய்தியை அனுப்பச் சொல்லுங்கள். சேரும்போதே ஏஜென்சி கொய்டாவில் பதிந்திருக்கிறதா, நல்ல நிலைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளட்டும்.

மஞ்சள்கோட்டு | 9 ஜூன், இரவு 8.40
அவசரத்துக்கு: ஏர்சைடில் அடிபட்டால் முதலில் விமான நிலையக் கட்டுப்பாட்டு அறை. வெளி ஆம்புலன்ஸ் 10177 ஐ அழைத்தால் கேட்டில் பாஸ் இல்லாமல் நிற்கும். எண்ணை ஏர்சைட் பாஸின் பின்பக்கம் எழுதி ஒட்டிக்கொள்ளட்டும்.

பூட்ஸ் வாங்கும்போது சாயங்காலம் போய்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கால் வீங்கியிருக்கும் நேரம் அதுதான். வேலைக்குப் போடும் அதே தடித்த சாக்ஸோடு போகட்டும்.